சுவரைச் சேர்த்து அளந்தவர்

கடைசல் பட்டறை வைத்திருந்த லேத்துக்காரருக்கு வயிறு எரிய ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. சாப்பாட்டால் வந்த எரிச்சலாக இருந்தால் ஒரு மாத்திரையைப் போட்டு முடித்திருக்கலாம். இது ஒரு மனுஷனால் வந்த எரிச்சல். வருஷத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், அவருடைய பெண்டாட்டியை ஓர் இருட்டறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் மனுஷன். டாக்டர்கூட இல்லை. இதயத்தை ஸ்கேன் செய்து படம் பிடித்துக் கொடுக்கிறவர், அவ்வளவுதான்.

அந்த அரை மணி நேரமும் லேத்துக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எதிரே பச்சை பெயிண்ட் அடித்த கதவு. அதன்மேல் 'நோயாளி மட்டும்' என்று ஓர் அட்டை. உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வரும். "இடது பக்கமா திரும்பிப் படுங்க... மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடுங்க." என்ன குரல் அது! எண்ணெய் போட்ட பேரிங் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். லேத்துக்காரர் இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார். தான் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் செய்த ஒரு நாள்கூட அவருக்கு ஞாபகமில்லை. இந்த ஆள் மூச்சை விடாதே என்றால் விடாமல் கிடக்கிறாள்!

அவள் பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலுக்குப் போனபோது, நெஞ்சில் குழலை வைத்த டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "ஏதோ உபரியா ஒரு சத்தம் கேக்குது" என்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் அந்தப் பச்சைக் கதவு குடும்பத்துக்குள் வந்தது.

முதல் நாள் ஸ்கேன் முடிந்ததும் அந்த ஆள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு தாளில் படம் போட்டார். இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய். அதன் வாசலில் வால்வு.

"எல்லாருக்கும் இந்த வால்வுல மூணு இதழ் இருக்கும். இவங்களுக்குப் பிறவியிலேயே ரெண்டுதான். மூணு இதழ் திறந்தா ரத்தம் குழாய் நடுவுல நேரா போகும். ரெண்டு இதழ் மீன் வாய் மாதிரி கோணலா திறக்கும். ரத்தம் பீய்ச்சிக்கிட்டு ஒரு பக்கச் சுவர்ல போய் அடிக்கும். ஒரு நாளைக்கு லட்சம் தடவை, ஒரே இடத்துல."

"வால்வு கெட்டுப்போயிடுமா?" என்று அவள் கேட்டாள்.

"வால்வு இப்போதைக்கு ஜோரா வேலை செய்யுது. நான் பயப்படுறது சுவருக்கு. அந்தச் சுவருக்குள்ள இழுபடுற இழைங்க அடுக்கடுக்கா இருக்கும். அடி வாங்குற பக்கத்துல இழை அறுந்து போகும், இழையைத் தாங்குற தசையும் கொஞ்சம் கொஞ்சமா சாகும். போதாததுக்கு இந்த மாதிரி வால்வோட பொறந்தவங்களுக்குச் சுவரே கொஞ்சம் சொங்கியாத்தான் இருக்கும். அது மெலிஞ்சு உப்பும். வலிக்காது, மூச்சு வாங்காது, ஒண்ணும் தெரியாது. ரொம்ப உப்பினா ஒரு நாள் கிழிஞ்சிடும்."

லேத்துக்காரருக்கு நாக்கு நுனியில் ஓர் உதாரணம் துடித்தது. பம்பு கேசிங்! தண்ணீர் கோணலாக அடிக்கிற பம்பில் வெளிக்கூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தகடாகிப் போகும். அவர் எத்தனை பார்த்திருக்கிறார். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"பாவாடை எலாஸ்டிக் மாதிரியா? ஒரே இடத்துல இழுத்து இழுத்து உள் இழை அறுந்து தொளதொளன்னு ஆயிடுமே?"

"பிரமாதம்! இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்ல" என்றார் அந்த ஆள்.

அவள் முகம் மலர்ந்ததை லேத்துக்காரர் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. பஸ்ஸில் வீடு வரும்வரை, "எவ்வளவு பொறுமையா விளக்கினாரு, இல்லங்க?" என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பம்பு கேசிங் தொண்டையிலேயே நின்றுபோயிற்று.

அவளுடைய அப்பா ஐம்பது வயதில் பஸ் ஸ்டாண்டில் விழுந்து போனவர். அவருக்கும் இதுதான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். தங்கச்சிக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அவளுக்கு மூன்று இதழும் ஒழுங்காக இருந்தன. அக்காக்காரிக்கு மட்டும் சட்டம் வந்தது: கனம் தூக்கக் கூடாது, ரத்த அழுத்த மாத்திரையை மறக்கக் கூடாது, வருஷா வருஷம் குழாயை அளந்து பார்க்க வேண்டும்.

வருஷா வருஷம்! அங்கேதான் வயிறு எரிந்தது. மற்ற நாளெல்லாம் நூல் ஒட்டிய பழைய உடுப்பில் மெஷினை மிதிக்கிறவள், ஸ்கேன் நாளன்று மட்டும் தலைக்குக் குளித்து, பீரோவின் மேல்தட்டிலிருந்து நீலப் பூப்போட்ட உடுப்பை எடுத்து இஸ்திரி போடுவாள். அவளே துணி வாங்கி, அவளே தைத்தது. கல்யாண வீட்டுக்குக்கூட அதைப் போட மாட்டாள். ஒரு தடவை லேத்துக்காரர் வாய்விட்டே கேட்டார்.

"சினிமாவுக்கா போறோம்?"

"உங்களுக்கு என்ன? போடணும்னு தோணுது, போடுறேன்" என்றாள். அவ்வளவுதான் பதில்.

இன்னொன்றும் இருந்தது. ரிப்போர்ட் தனியாக வரும். ஆனால் அந்த ஆள் ஒரு சின்ன அட்டையில் பென்சிலால் அளவை எழுதி அவள் கையில் கொடுப்பார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, மறுபடி நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. எல்லாம் மில்லிமீட்டர். அந்த அட்டையை அவள் ஊசிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் லேத்துக்காரர் எழுதிய இரண்டு கடிதங்கள் எங்கே என்று கேட்டால், "எங்கயாவது கிடக்கும்" என்பாள். பென்சில் கிறுக்கலுக்கு மட்டும் ஊசிப் பெட்டி.

போன வருஷம் நாற்பத்தாறு. அதன் கீழே, அட்டையிலேயே, ஒரு வரி: 'அடுத்த தடவை தள்ளிப் போடாதீங்க.'

அதைப் படித்ததும் லேத்துக்காரருக்குக் காதில் புகை வந்தது. இவள் வர வேண்டும் என்று அவனுக்கு என்ன அவ்வளவு அவசரம்? ஏன், நான் கூட்டிக்கொண்டு போக மாட்டேனா? சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு வருஷம் பூராவும், லேத் ஓடும்போதெல்லாம் அந்த ஒரு வரி அவர் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நாற்பத்தாறு மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

இந்த வருஷம் நாள் வாங்கிவருகிறேன் என்று தனியாகப் போனவர், பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்.

"அந்த ஸ்கேன்காரர் வேலையை விட்டுட்டாராம். வேற ஊருக்குப் போயிட்டாராம்" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. "ஐயோ, ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள்.

அந்த 'ஐயோ' இருக்கிறதே, அது அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. நான் வேலையை விட்டு ஊரை விட்டுப் போனால் இவள் இப்படி ஐயோ என்பாளா? செய்த பொய்க்கு வெட்கப்படுவதை விட்டுவிட்டு மனுஷன் இதை யோசித்துக்கொண்டிருந்தார்.

புது இடம் அவரே தேடிப் பிடித்தார். கண்ணாடிக் கதவு, ஏசி, புத்தம்புது மெஷின். எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்கேன் எடுக்கிறது ஒரு பெண். அந்தப் பெண் அவளைப் படுக்க வைத்துப் பத்தே நிமிஷத்தில் வெளியே அனுப்பினாள். பழைய ரிப்போர்ட்டை அவள் கேட்கவில்லை, இவரும் காட்டவில்லை. கையில் வந்த தாளில் நாற்பத்தைந்து என்றிருந்தது.

"பார்த்தியா! ஒண்ணு குறைஞ்சிருக்கு. அந்த ஆள் உன்னைச் சும்மா பயமுறுத்தியே வச்சிருக்கான்."

"நிஜமாவா?" என்றாள் அவள். இரண்டு தடவை கேட்டாள். பிறகு குழந்தை மாதிரி சிரித்தாள்.

அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆறு வருஷமாகத் தூக்காததையெல்லாம் தூக்கினாள். தண்ணீர் கேனை ஒற்றைக் கையால் நகர்த்தினாள். பீரோவை இழுத்துப் போட்டுப் பின்னால் பெருக்கினாள். லேத்துக்காரர் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். எல்லாம் தன்னால் வந்தது என்று வேறு நினைப்பு.

மூன்றாவது வாரம், ஒரு காலை. பட்டறைக்கு ஒரு வாடிக்கைக்காரர் கோபமாக வந்து புதுசும் பழசுமாக இரண்டு பித்தளை புஷ்களை மேஜைமேல் போட்டார். சுழல்கிற ஷாஃப்ட் ஆடாமல் இருக்க உள்ளே மாட்டுகிற வளையம் அது.

"அளவே சரியில்ல. தேஞ்சு போச்சேன்னு புதுசு கேட்டா, பழசைவிடச் சின்னதா அடிச்சுக் கொடுத்திருக்கீங்க. பழசு நாப்பத்தாறு, இது நாப்பத்தி நாலு."

லேத்துக்காரர் வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"சார், பழசை வெளிய பிடிச்சு அளந்திருக்கீங்க, புதுசை உள்ள விட்டு அளந்திருக்கீங்க. நடுவுல இருக்கிற சுவர் எங்க போகும்? அதோட பழசு இந்தப் பக்கம் தேஞ்சு முட்டை மாதிரி ஆயிருக்கு பாருங்க. அகலமான இடத்துல வச்சு அளக்கணும். தேஞ்ச துளை என்னைக்காவது சின்னதாகுமா? பெருசாத்தான் ஆகு..."

பேச்சு அப்படியே நின்றது. வாடிக்கைக்காரர் "என்ன?" என்றார். லேத்துக்காரர் வெர்னியரை மேஜைமேல் வைத்தார். நாற்பத்தாறு எப்படி நாற்பத்தைந்து ஆகும்?

கையைக்கூடத் துடைக்காமல் வீட்டுக்கு ஓடினார். அவள் இல்லை. பீரோவிலிருந்து பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட் இரண்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் சாம்பல் நிறப் படம்; கறுப்பாகக் குழாய், வெள்ளைக் கோடாகச் சுவர், அளந்த இடத்தில் இரண்டு சின்னக் கூட்டல் குறி. பட்டறைப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பழைய படத்தில் மேல் குறி வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்றது. ஒரு பக்கச் சுவரும் அளவில் சேர்ந்திருந்தது. புதுப் படத்தில் இரண்டு குறியும் கோட்டுக்கு உள்ளே. அது மட்டுமா? பழையதில் அளந்த இடம் வால்வுக்கு நல்ல உயரத்தில், குழாய் புடைத்த இடத்தில். புதியதில் வால்வை ஒட்டியே அளந்திருந்தார்கள். புடைப்பு படத்திலேயே விழவில்லை.

பட்டறையில் வேறு யாராவது இப்படி அளந்து கொடுத்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பார். இந்தத் தாளுக்கு அவர் தலையாட்டியிருந்தார்.

அப்புறம்தான் அவருக்கு இன்றைக்கு என்ன நாள் என்று உறைத்தது. தங்கச்சி வீடு மாறுகிறாள். மூன்றாவது மாடி. 'இப்போ எனக்கென்ன, நானும் நாலு சாமான் தூக்குறேன்' என்று காலையிலேயே கிளம்பிப் போயிருக்கிறாள்! போன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் இருந்தாள். தங்கச்சிக்குக் கொடுப்பதாகச் சொன்ன பழைய தையல் மெஷினின் இரும்புத் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகம் சிவக்க, அடுத்த படியில் காலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"வை! கீழ வை அதை!"

"என்னங்க? பட்டறையில தீ கீ பிடிச்சுதா?"

"வைன்னா வை!"

அவர் பாய்ந்து அதைப் பிடுங்கிப் படியில் இறக்கினார். கீழேயிருந்து தலையில் மெத்தைச் சுருளோடு வந்த சகலை முட்டிக்கொண்டு நின்றார். "அண்ணே, ஒண்ணு மேல போங்க, இல்ல கீழ வாங்க. கழுத்து போகுது" என்றார். மேலே கதவு திறந்து தங்கச்சி எட்டிப் பார்த்தாள்.

"அந்த நாப்பத்தஞ்சு தப்பு" என்றார் லேத்துக்காரர். மூச்சு வாங்கியது. "உள்ள அளந்துட்டாங்க. இடமும் தப்பு. உனக்குக் குறையல. கூடியிருக்கும். எவ்வளவுன்னு தெரியல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ பழைய ஸ்கேன்காரர் முறையிலதான் அளக்கணுமா? அவர்தான் இல்லையே."

"இருக்காரு."

"எங்க?"

"அங்கயேதான். எங்கயும் போகல. நான்தான் பொய் சொன்னேன்."

"அத்தான்!" என்றாள் தங்கச்சி மேலேயிருந்து. சகலை மெத்தையைத் தலையிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்தார். இப்போது அவருக்கு அவசரமே இல்லை.

"ஏன்?" என்று அவள் கேட்டாள்.

இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "நீ நீல உடுப்பைப் போட்டுக்கிட்டு அவன்கிட்ட போறது எனக்குப் பிடிக்கல."

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமா."

அவள் படியில் உட்கார்ந்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அடித்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.  அவர் கையை நீட்டியபோது அதைத் தொடாமல் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மறுநாள் காலை பச்சைக் கதவுக்குப் போக வேண்டும். அவர் தயாராகிக் கூடத்தில் நின்றார். அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். நீலப் பூப்போட்ட உடுப்பு, இஸ்திரி மடிப்பு கலையாமல்.

பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. "நேத்து அவ்வளவு ஆனப்புறமும் அதையேவா போடுற?" என்று கேட்டுவிட்டார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்கப்பா விழுந்தப்போ என்ன சட்டை போட்டிருந்தாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது.

"தோள்ல கிழிஞ்ச சட்டை. ரெண்டு பட்டன் இல்ல. எங்கம்மா ஊர் உலகத்துக்கே தைச்சவ. பக்கத்துக் கடை வரைக்கும்தானேன்னு அதோட போனாரு. பஸ் ஸ்டாண்டுல அத்தனை ஜனம் சுத்தி நின்னு பார்த்துச்சு. அம்மா அவரு போனதுக்கு அழுததைவிட அந்தச் சட்டையைச் சொல்லிச் சொல்லி அழுததுதான் அதிகம்." அவள் உடுப்பின் ஓரத்தை விரலால் நீவினாள். "ஒவ்வொரு வருஷமும் அந்த ரூமுக்குள்ள போகும்போது, இன்னைக்கு வெளிய விட மாட்டாங்க, இப்படியே தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சுத்தான் போவேன். அப்படித் தூக்கிட்டுப் போனா நல்லதா ஒண்ணு உடம்புல இருக்கட்டும்னு தைச்சேன். உங்களுக்கு அந்த மாதிரி ஒரு அழுகை வேணாம்னு தைச்சேன்."

லேத்துக்காரர் அந்த உடுப்பின் தையலை முதல் தடவையாகப் பார்த்தார்.

"இன்னொண்ணு கேளுங்க. உள்ள போனதும் அங்க ஒரு வெள்ளை கவுன் கொடுப்பாங்க. இதைக் கழட்டி ஆணியில மாட்டிடுவேன். அதுக்கப்புறம்தான் அவரு வருவாரு. இந்த நீலத்தை அவரு ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல."

பஸ்ஸில் அவர் அவள் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார். உட்காரத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

பச்சைக் கதவின் முன்னால் அவர் பழக்கத்தில் பெஞ்சைப் பார்த்து நடந்தார். "நீங்களும் வாங்க" என்றாள் அவள். கதவில் இருந்த 'நோயாளி மட்டும்' அட்டையை அவர் காட்டினார். "அவருகிட்ட நான் கேட்டுக்கறேன்" என்றாள்.

அவள் கவுனுக்கு மாறிய பிறகு உள்ளே வந்த மனுஷனைப் பார்த்ததும் லேத்துக்காரருக்கு ஆறு வருஷத்துப் பொறாமையும் வீணாய்ப் போனது போல இருந்தது. முதல் நாள் ஆத்திரத்தில் அவர் முகத்தையே சரியாகப் பார்த்திருக்கவில்லை. குட்டை ஆள். தொப்பை. சளி பிடித்த மூக்கு. கண்ணாடிக் கால் உடைந்து நூல் சுற்றியிருந்தது. வாயில் தொண்டைக்கரகரப்பு மாத்திரை. எண்ணெய் போட்ட குரலின் ரகசியம் அதுதான். அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "யாரு, புதுசா?" என்றார்.

ஆறு வருஷம் வந்தவளை யாரென்று தெரியவில்லை! லேத்துக்காரருக்கு இப்போது அதற்கும் கோபம் வந்தது. என் பெண்டாட்டியின் முகம் ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாத முகமா?

அவள் இடது பக்கம் திரும்பிப் படுத்தாள். கருவி நெஞ்சில் பட்டதும் திரையில் ஏதோ அசைந்தது. அந்த ஆள் சட்டென்று முன்னால் குனிந்தார்.

"அட! நம்ம நாப்பத்தாறு! ஏம்மா, தள்ளிப் போடாதீங்கன்னு எழுதிக் கொடுத்தேன்ல?"

அவள் புருஷனைப் பார்த்தாள். லேத்துக்காரர்தான் எல்லாவற்றையும் சொன்னார், பொய்யைத் தவிர. புது ரிப்போர்ட்டை நீட்டினார். அந்த ஆள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவங்க முறையும் ஒரு முறைதான், அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். சில பேர் உள்ளயிருந்து உள்ள அளப்பாங்க. நான் ஒரு பக்கச் சுவரையும் சேர்த்து அளப்பேன். ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கூடிச்சு குறைஞ்சுதுன்னு பேசக் கூடாது. அப்புறம், ஒரு விலா எலும்பு மேல ஏறிப் பார்த்திருக்கணும். புடைப்பு அங்கதான்." கருவியை மேலே நகர்த்தினார். "நீங்க என்ன தொழில்?"

"லேத்து."

"அப்போ வாங்க, பாருங்க."

லேத்துக்காரர் திரையைப் பார்த்தார். இரண்டு வெள்ளை இதழ்கள் மீன் வாய் போலத் திறந்து மூடின. பட்டனைத் தட்டியதும் ரத்தம் நிறமாகத் தெரிந்தது. கோணலாகக் கிளம்பி வலது பக்கச் சுவரில் போய் அடித்தது. அடித்த இடத்தில் குழாய் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. திறந்தது, அடித்தது. திறந்தது, அடித்தது. இதோடுதான் இருபத்திரண்டு வருஷமாகச் சோறு பொங்கினாள், சண்டை போட்டாள், சீருடை தைத்தாள். இதோடுதான் இரும்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். 

"மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க."

அவரும் பிடித்துக்கொண்டார்.

கூட்டல் குறி சுவரின் வெளி விளிம்பில் உட்கார்ந்தது. இன்னொன்று எதிர்ப்பக்கம். மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் ஐம்பத்தொன்று.

அந்த ஆள் அன்றைக்கு அட்டையில் எழுதவில்லை. நேராக டாக்டருக்குப் போன் செய்தார். பெரிய ஸ்கேனும் அதையே சொன்னது. "ஒரே வருஷத்துல அஞ்சு மில்லி. அப்பாவும் அப்படிப் போயிருக்காரு. இனிமே காத்திருக்கக் கூடாது" என்றார் ஆபரேஷன் செய்யும் சர்ஜன். உப்பிய துண்டை வெட்டியெடுத்துவிட்டு நெய்த குழாய் ஒன்றை வைத்துத் தைப்பார்களாம். எந்தத் தையல், எந்த நூல் என்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். குழாயின் அளவு இருபத்தெட்டு என்றதும், "உள்ளயா, வெளியவா?" என்று லேத்துக்காரர் கேட்டார். சர்ஜன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவள் நூல் ஒட்டிய பழைய உடுப்போடு வந்து நின்றாள்.

"நீலம் எங்க?" என்றார் அவர்.

"அளவுதான் தெரிஞ்சு போச்சே. இனிமே பயந்துக்கிட்டு அது எதுக்கு? வந்து மிச்சத் துணியைத் தைக்கணும்" என்றாள்.

அவர் உள்ளே போய் நீலத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது போட்டுக்கொள்ள என்று சொன்னார். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். படிக்கட்டுக்குப் பிறகு அவர் கையை அவள் பிடித்தது அப்போதுதான்.

ஆறு மணி நேரம். வேறொரு பெஞ்சு, வேறொரு கதவு. இந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தன் அவள் நெஞ்சைத் திறந்து கையையே உள்ளே விட்டிருக்கிறான் என்று நினைத்தபோது லேத்துக்காரருக்குப் பழைய எரிச்சல் லேசாகத் தலைகாட்டியது. அந்தக் கை நடுங்காமல் இருக்கட்டும் என்று உடனே வேண்டிக்கொண்டார். வெளியே வந்த சர்ஜன் முகமூடியை இறக்கினார்.

"நல்லபடியா முடிஞ்சுது. வால்வு நல்லா இருக்கு, அதை அப்படியே விட்டுட்டோம். ஆனா அந்தச் சுவர்... ஒரு பக்கம் எவ்வளவு மெலிஞ்சிருந்துச்சுன்னா, பின்னால விரலை வச்சா நிழல் தெரியுது. இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்குமான்னு சொல்ல முடியாது."

லேத்துக்காரர் தலையாட்டினார். தேய்ந்த புஷ்ஷைக் கையில் உருட்டிப் பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது நாள் தொண்டைக் குழாயை எடுத்த பிறகு அவரை உள்ளே விட்டார்கள். அவள் உதடு காய்ந்து, முகம் வெளுத்து, கண்ணை மட்டும் திருப்பி அவரைத் தேடினாள். அவர் குனிந்தார். இருபத்திரண்டு வருஷக் குடும்பம், செத்துப் பிழைத்திருக்கிறாள், முதல் வார்த்தை தனக்கு என்று காதைக் கொண்டுபோனார்.

"ஸ்கேன்காரருக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

சுரீர் என்றது. ஆறு வருஷமாகத் தெரிந்த அதே சுரீர், அதே இடத்தில். அது எரிய எரிய அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இவள் இருக்கிறாள். இவள் என் வயிற்றை எரிய வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

"இதோ, இப்பவே சொல்றேன்" என்று வெளியே வந்து எண்ணைப் போட்டார். இரண்டு தடவை அடித்ததும் அந்த வழவழப்பான குரல் கேட்டது.

"யாரு பேசறது?"

பெயரைச் சொன்னால் அந்த மனுஷனுக்குத் தெரியாது. லேத்துக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தாங்க... ஐம்பத்தொண்ணோட வீட்டுக்காரன்."